'ஒண்ணுக்குப் போகணும் மிஸ்'

கள ஆய்வுக்குக் கிளம்பும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் டேப்லெட், இன்னொரு கையில் ஐஸ் பெட்டி. இந்தக் கோலத்தில்தான் உங்களைப் பள்ளிக்கூட வாசலில் பலமுறை பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் 'பொதுநபர்' என்று ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். டாக்டராக இல்லாத, அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்காத, ஊர்க்காரர்களின் கண்ணால் பார்க்கிற ஓர் ஆள் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்தில் எனக்கு வரும் வேலை பெரும்பாலும் தமிழ்ப் படிவங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது.

உங்கள் பேராசிரியர்களுக்கு இதை எழுதவில்லை. அவர்கள் குழுவின் முன்னால் ஸ்லைடு போட்டு நெறிமுறையை என்னைவிட நன்றாகவே விளக்குவார்கள். குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து "பாப்பா, பேரு என்ன?" என்று கேட்பது நீங்கள்தான். அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பதைக் குழுவில் யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு.

சென்ற மாதம் ஒரு படிவம் வந்தது. எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் படித்துக்காட்ட வேண்டியது. "மேற்கண்ட ஆய்வின் நோக்கம், செயல்முறை மற்றும் ஏற்படக்கூடிய இடர்கள் குறித்து எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டதன் பேரில், எவ்விதக் கட்டாயமுமின்றி எனது மனப்பூர்வமான இசைவினை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்." வாழ்நாளெல்லாம் இலக்கணம் நடத்திய எனக்கே நடுவில் மூச்சு வாங்கியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? தலையாட்டும். உறுமிச் சத்தம் கேட்டால் பூம்பூம் மாடு தலையாட்டுகிற மாதிரி. மாட்டுக்காரர் கேள்வி கேட்கிறார், மாடு ஆட்டுகிறது, வீட்டுக்காரர் அரிசி போடுகிறார். கேள்வி என்ன என்பது மாட்டுக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை.

உங்கள் பேச்சுவழக்கில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "கன்சென்ட் எடுத்தாச்சு மேடம், பிளட் எடுத்தாச்சு மேடம்." இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். ரத்தத்தை எடுக்கலாம், அது உள்ளே இருக்கிறது. சம்மதத்தை எப்படி எடுப்பது? அது கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள். இலக்கண வாத்தியார் புத்தி, போகாது, மன்னியுங்கள்.

இனி என் கதை. தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் ஒரு குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. பெண் பிள்ளைகளிடம் ரத்தசோகை பற்றிய ஆய்வு. மேலிடத்து அனுமதிக் கடிதம் கொண்டு வந்திருந்தார்கள். நல்ல நோக்கம், நல்ல பிள்ளைகள், காலை வணக்கக் கூட்டத்தில் நானே மைக் பிடித்து அறிவித்தேன். ஆறாம் வகுப்பை வராந்தாவில் வரிசையாக நிறுத்தினேன். பெற்றோர் கையெழுத்து வாங்க நேரமில்லை என்றார்கள், காப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அத்தனை படிவத்திலும். பச்சை மை.

வரிசையில் ஒரு பெண். மெலிந்த பிள்ளை, இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை. மூன்று முறை என்னிடம் வந்தாள். "மிஸ், ஒண்ணுக்குப் போகணும்." முதல் முறை, "முடிச்சிட்டுப் போ" என்றேன். இரண்டாம் முறை முறைத்தேன். மூன்றாம் முறை அவள் கேட்கவே இல்லை, பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான். நான் தோளைப் பிடித்துத் திருப்பி வரிசையில் விட்டேன். அவள் முறை வந்தபோது விரலை நீட்டினாள். அழவில்லை. ஊசி போட்ட தங்கை, "எவ்ளோ சமத்து!" என்று ஒரு பென்சில் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பினேன். "இப்ப வரல மிஸ்" என்றாள்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நெறிமுறைக் குழுவில் சேர்ந்த பிறகு, படிக்கச் சொல்லிக் கொடுத்த காகிதக் கட்டில் கம்மம் விவகாரம் இருந்தது. அன்றைய ஆந்திரம், இன்றைய தெலங்கானா. 2009-ல் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம், பாத் என்ற அமெரிக்க நிறுவனமும் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசோடு சேர்ந்து நடத்தியது. குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். இரண்டு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்ததுதான் அதைப் பெரிய செய்தியாக்கியது. அந்தச் சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அந்தத் தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான், என் பேத்திக்குப் போட்டாயிற்று. என் கண் நின்ற இடம் வேறு. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது: ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்.

அந்த எண்ணைப் படித்தபோது என் பச்சை மை ஞாபகம் வந்தது. ரிப்பன் இல்லாத சடையும்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பதினெட்டு வயது ஆகாதவர் தன் சார்பில் ஒப்புதல் தர முடியாது, அதைப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ தர வேண்டும். தலைமையாசிரியர் தருவது பள்ளி வாசலைத் திறந்துவிடும் அனுமதி மட்டும். பெற்றோர் ஒப்புக்கொண்டதும் வேலை முடிந்துவிடாது. குழந்தையிடமும் கேட்க வேண்டும், அதற்குப் பெயர் இசைவு. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ஏழு வயதிலிருந்து வாய்மொழியாக, பன்னிரண்டை ஒட்டிய வயதிலிருந்து எழுத்தில். வங்கி லாக்கரைப் போல இரண்டு சாவி. அம்மா சரி என்று குழந்தை வேண்டாம் என்றால் திறக்காது, குழந்தை சரி என்று அம்மா வேண்டாம் என்றாலும் திறக்காது. அந்த ஆய்வில் மட்டுமே கிடைக்கிற சிகிச்சை அந்தக் குழந்தைக்கே தேவைப்படும்போது குழந்தையின் சாவிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதைக் குழு முடிவு செய்யும், நீங்களோ உங்கள் சாரோ வராந்தாவில் நின்று முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது சாவி ஏன் என்று ஒரு தம்பி கேட்டான். பெற்றவர்களைவிடப் பிள்ளையின் நலன் யாருக்குத் தெரியும் என்றான். அவனுக்கு நான் சொன்ன பதில் இது: நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவு என்ற பகுதியில் வில்லோபுரூக் என்று ஒரு காப்பகம் இருந்தது. அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கானது. 1956-லிருந்து அங்கே சால் குரூக்மன் என்ற டாக்டரின் குழு சில குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தது. பெற்றோர் கையெழுத்து இருந்தது. ஆனால் 1964 கடைசியில் கூட்டம் தாங்காமல் காப்பகத்தில் புதிய சேர்க்கையை நிறுத்தியபோதும், ஆய்வுப் பிரிவில் மட்டும் படுக்கை காலி இருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத பிள்ளையோடு வாசலில் நிற்கும் தாய் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்? நம் ஊரிலும் அந்தத் தாய் இருக்கிறாள். இலவச ஸ்கேன், இலவச மாத்திரை என்றால் படிவத்தின் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல் கட்டைவிரலை மையில் வைக்கிறாள்.

'இசைவு' என்பதற்கு அமெரிக்கர்கள் 1983-ல் தங்கள் விதிகளில் ஒரு வரையறை எழுதினார்கள். குழந்தை மறுக்கவில்லை என்பதையே இசைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குழந்தை தானாகச் சரி என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். நாம் 'மௌனம் சம்மதம்' என்று பெண் பார்க்கும் கூடத்திலிருந்தே பழகியவர்கள்.

நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். வீட்டில் பாதி, பள்ளிக்கூடத்தில் மீதி. ஆனால் அவர்களுக்கும் வேண்டாம் என்பது இருக்கிறது, அதை வேறு பாஷையில் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பாஷையைக் கேட்டு, கேட்காத மாதிரி இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணுக்குப் போகணும்." இதுதான் தலைமை. "வயித்த வலிக்குது" என்பது அடுத்தது, அது பாதி நேரம் நிஜமாகவே வலிக்கும். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால், அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டது தெரிந்திருந்தும் சொன்னால், வேண்டாம். "அவளுக்கு மொதல்ல போடுங்க" என்று பக்கத்துப் பிள்ளையைத் தள்ளினால் பெரும்பாலும் வேண்டாம். பென்சில் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தால், பதில் சொல்லாமல் சிரித்தால், சட்டைக் காலரைக் கடித்தால், கொஞ்சம் பொறுங்கள். கேள்வித்தாளில் எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று வரிசையாக டிக் போட்டுவிட்டு ஓடினால், அதுவும் வேண்டாம்தான். சில பையன்கள், குறிப்பாக ஏழாம் எட்டாம் வகுப்பு, சத்தமாக "எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்பார்கள். யாரும் கேட்காதபோது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தங்கை சொன்னாள்: "மேடம், இப்படிப் பார்த்தா ஒருத்தரும் சேர மாட்டாங்க." சேருவார்கள். பிள்ளைகள் பேராசைக்காரர்கள், ஆர்வத்தைச் சொல்கிறேன். உங்கள் கருவியைத் தொட்டுப் பார்க்க விட்டால், "இதுல என்ன தெரியும்?" என்று கேட்க விட்டால், பாதிப் பேர் நீங்கள் கேட்பதற்கு முன்பே விரலை நீட்டுவார்கள். அந்த நீட்டலும் வரிசையில் நின்ற அந்தப் பெண்ணின் நீட்டலும் வேறு வேறு. நேரில் பார்த்தால் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

பேசும்போது பொய் வேண்டாம். "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று ஊர் முழுக்கச் சொல்கிறோம். எந்த எறும்பு? "விரல் நுனியில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுப்போம். சுருக்கென்று வலிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். இது உனக்கு மருந்து இல்லை, உன் வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள எடுக்கிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம், மிஸ் திட்ட மாட்டார்கள், மார்க் குறையாது. நடுவிலும் வேண்டாம் என்று சொல்லலாம்." அந்த எட்டு வயதுப் படிவத்தை நான் இப்படித்தான் திருத்திக் கொடுத்தேன். 'இசைவினை' போய்விட்டது. சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், நீ எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். குழந்தை சொல்வதைக் கேட்டால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே உங்களுக்குப் புரியும்.

பென்சிலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், சேராத பிள்ளைக்கும். வகுப்பாசிரியரைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளிடம் பெற்றோர் முன்னால்தான் கேட்க வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். அப்போது குழந்தை உங்களைப் பார்க்காது, அம்மாவின் புருவத்தைப் பார்க்கும். "அவள் வேண்டாம்னு சொன்னா திட்டக்கூடாதும்மா" என்று அம்மாவிடம் குழந்தை கேட்கும்படியே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று: "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை பற்றி ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால் போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். காப்பாற்ற முடியாத சத்தியத்தைக் குழந்தையிடம் செய்வதைவிட, அதை முதலிலேயே சொல்லிவிடுவது மேல்.

பேசவே தெரியாத வயதைப் பற்றியும் கேட்பீர்கள். வேலூர், புனே, டெல்லி மூன்று இடங்களிலும் 6,799 கைக்குழந்தைகள் சேர்ந்த ஆய்வில்தான் ரோட்டாவாக் என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து தேறியது. இன்று அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் யாரும் சரி என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. குழந்தைகளை ஆய்வில் சேர்க்கவே கூடாது என்று நாம் முடிவெடுத்தால், பெரியவர்களின் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டி, தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, சுயமாக ஒப்புதல் தர முடியாத பெரியவர்கள். என் மாமியாருக்கு எண்பத்தொன்றாவது வயதில் மறதி நோய். என்னை அவருடைய தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார், நானும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். முதியோரின் நினைவாற்றல் பற்றி ஆராய ஒரு மாணவர் வீட்டுக்கு வந்தார். பணிவான பையன். என் கணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பையன் கடிகாரம் வரையச் சொன்னான், இன்று என்ன கிழமை என்று கேட்டான். மாமியார் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பையன் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டான். போகும்போது எட்டிப் பார்த்தேன். 'ஒத்துழைக்கவில்லை.'

என் மாமியார் எந்த விருந்தாளிக்கும் முதுகு காட்டியவரில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை. நோய் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய முகம். அதையும் ஒழுங்கீனம் என்று பதிவு செய்தாயிற்று.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு இதே இடத்தைத் தொடுகிறது. சுயமாக ஒப்புதல் தர முடியாத, ஆனால் ஆய்வில் பங்கேற்பதை எதிர்க்காத ஒருவரிடம் மருந்து போன்ற தலையீட்டோடு ஆய்வு நடத்த மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும் என்கிறது. 'எதிர்க்காத' என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது யார்? ஆணையம் உங்களோடு வீட்டுக்கு வராது. கையை இழுத்துக்கொள்வது, கண்ணை மூடிக்கொள்வது, சோற்றைத் துப்புவது, எழுந்து வாசலுக்குப் போய்விடுவது எல்லாம் எதிர்ப்பா இல்லையா என்று அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்பவர், மாதச் சம்பளத்துக்கு வந்திருக்கிற நீங்கள்தான். காலையில் சரி என்றவர் மாலையில் கையை இழுத்தால், காலைக் கையெழுத்து காலையோடு போயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர்களுக்கு எட்டும் வழியில் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும், அதற்கு மேல் ஒரு குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். காது கேளாத பிள்ளையிடம் தாளை நீட்டிச் சத்தமாகப் படித்துக்காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியதில்லை, அவர் அன்றைக்கு இருபத்தைந்து படிவம் முடிக்க வேண்டியிருந்தது.

ஆம், உங்களுக்கு இலக்கு உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை. குறைந்தால் போன் வரும். சம்பளத்தில் கைவைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சிக்கலை உங்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் குழுவில் ஒன்று கேட்டேன், தலைவர் ஒப்புக்கொண்டார். குழந்தைகளையோ, சுயமாக ஒப்புதல் தர இயலாத பெரியவர்களையோ சேர்க்கிற ஒவ்வோர் ஆய்வின் பதிவேட்டிலும் இனி ஒரு தனிப் பத்தி இருக்கும். 'மறுத்தவர்.' எப்படி மறுத்தார் என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும்: ஒண்ணுக்குப் போகணும் என்றாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினால் திருப்பி அனுப்புவோம். மறுத்தவர்களை ஈடுகட்ட வேண்டிய கூடுதல் நாட்களை ஆய்வுத் திட்டத்திலேயே கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறோம், உங்கள் சம்பளத்தில் கழிக்காமல்.

இருநூறு பிள்ளைகளிடம் கேட்டு அந்தப் பத்தி முழுக்கச் சுழியமாக வந்தால், நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நேரில் வருவேன். வராந்தாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
பச்சை மையில் கையெழுத்துப் போட்ட ஓய்வு பெற்ற தலைமையாசிரியை